ஆராய்ச்சி மணியும் அணைந்த விளக்கும்

(முரசுமோட்டையில் நடைபெற்ற இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் மன்றச் செயலாளர் அண்ணன் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வந்து, "தம்பி, ஆண்டு விழாவிலே நீரும் ஒரு பேச்சுப் பேசவேணும்" என்று கேட்டார். "சமயத்தைப் பற்றியோ அண்ணை?" என்றேன். "ஊருக்குப் பயன்படுவது எதுவாயினும் சரி" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்று இம்மேடையில் ஏறி நிற்கிறேன்.

நான் மிஷன் பாடசாலை ஒன்றிற் பயின்றவன். காலையிலே அங்கே ஆங்கிலக் கீதம் பாடி, மாலையிலே வீட்டில் திருநீறு தரித்துத் தேவாரம் ஓதி வளர்ந்தவன். சைவ சித்தாந்த நுட்பங்களை இச்சபையில் எடுத்துரைக்க என்னிலும் பன்மடங்கு தகுதி வாய்ந்த பெரியோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், உள்ளூராட்சியும் வீதியின் பாதுகாப்பும் என்பதாகும். சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பேச்சென்று பொறுத்தருள்வீர்களாக.

"இந்து இளைஞர் மன்றத்து மேடையில் பிரதேச சபையும் தெருவிளக்கும் எதற்கு?" என்று சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழலாம். அதற்கு விடையாக, இங்கே சிறுபிள்ளைகளும் அறிந்த ஒரு கதையை நினைவூட்ட விரும்புகிறேன்.

திருவாரூரிலே மனுநீதிச் சோழனுடைய மைந்தன் தேரேறி வீதியிற் செல்கிறான். ஓர் ஆன்கன்று துள்ளி ஓடிவந்து தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் சென்று ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அரசன் தன் மைந்தனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தின் தொடக்கத்திலே, திருநகரச் சிறப்பிற் கூறும் வரலாறு இது. இதனோடொத்த ஒரு கதையை மகாவம்சம் என்னும் பாளி நூல், அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசோச்சிய எல்லாளன்மீது ஏற்றிக் கூறுகிறது. சோழநாட்டார்க்கும் ஈழநாட்டார்க்கும், தமிழ் நூலுக்கும் பாளி நூலுக்கும் பொதுவாய் நிற்கும் நீதிக்கதை இஃது ஒன்றெனலாம்.

அன்பர்களே, இக்கதையை நாம் நீதிக்கதையாகக் கேட்டிருக்கிறோம்; பக்திக்கதையாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் இது முதலில் எதைப் பற்றிய கதை? ஒரு வீதி விபத்தைப் பற்றிய கதை. பொது வீதியில் ஓர் உயிர் போயிற்று. அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு மணி கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. வாயில்லாப் பசுவுக்கும் அந்த மணி எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. நான் இன்று உங்களைக் கேட்பது இவ்வளவே: நம்முடைய ஆராய்ச்சி மணி எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியுமா?

இனி, நம் ஊரிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இச்சபையில் அவரை அறிந்தோர் பலர் உளர்.

முன்னொரு மழைக்காலத்தில், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நம் ஊர்த் தம்பி ஒருவர், கிளிநொச்சியில் மாலை வகுப்பு முடித்து மோட்டார் சைக்கிளில் வந்தார். பரந்தன் சந்தியில் திரும்பி, முல்லைத்தீவு வீதியிலே கிழக்கு நோக்கி வந்தார். இருட்டிவிட்டது, மழையும் தூறிக்கொண்டிருந்தது. நம் ஊர் எல்லைக்குள் வந்த பின்பு, வீதியின் நடுவே படுத்திருந்த ஒரு கருநிற எருமையை அவர் காணவில்லை. கண்டபொழுது காலம் கடந்துவிட்டது. உயிர் தப்பியது இறைவன் திருவருள். ஆனால் தொடை எலும்பு முறிந்தது. அவ்வாண்டுப் பரீட்சைக்கு அவர் போகவில்லை. அவருடைய வகுப்பிலே அவருக்குப் பின்னால் நின்றவர்கள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர் கைத்தடியோடு கடையொன்றில் நிற்கிறார்.

அந்த இடத்திலே ஒரு மின்தூண் உண்டு. தூணிலே ஒரு விளக்கும் உண்டு. விபத்து நிகழ்ந்த இரவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே அவ்விளக்கு எரியவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான், இளமைத் துடிப்பினால், இதனை விடுவதில்லை என்று புறப்பட்டேன். ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். "இது எங்களுடைய வேலையில்லை, தம்பி" என்றார்கள். இன்னோர் அலுவலகத்துக்குச் சென்றேன். "அவர்கள்தான் பார்க்கவேண்டும்" என்று முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் வரவில்லை. நான் கோபத்தோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனேன். "இந்த நாட்டிலே ஒன்றும் நடவாது" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்வது மிக இலகு; சொல்லும்பொழுது நமக்கு ஓர் அறிவாளித் தோற்றமும் வந்துவிடுகிறது!

பின்னர் ஒருநாள் என் அறிவீனம் எனக்கே விளங்கியது. நான் கொடுத்த கடிதத்திலே தேதி இல்லை. மின்தூண் இலக்கம் இல்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பதும் சரியாக இல்லை. அதன் பிரதியொன்றும் என் கையில் இல்லை. மணியை அடித்தேன் என்று நினைத்தேன். உண்மையில் சுவரைத் தட்டியிருக்கிறேன். ஆகவே அமர்ந்து படித்தேன். படித்தறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊரை ஊடறுத்துச் செல்லும் பரந்தன் முல்லைத்தீவு வீதி, ஏ-35 என்ற இலக்கம் பெற்ற பெருவீதி. அதன் தாரும் மதகும் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. கிளிநொச்சி நகரை ஊடறுக்கும் ஏ-9 கண்டி வீதியும் அவ்வாறே. அடுத்த தரத்து வீதிகள் சிலவற்றை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பராமரிக்கிறது. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபைக்கு உரியவை. மின்தூண் மின்சாரம் வழங்குவோருக்கு உரியது. அதிலே எரியும் தெருவிளக்கோ பிரதேச சபையின் பொறுப்பு. புகையிரதக் கடவை புகையிரதத் திணைக்களத்தைச் சார்ந்தது. வாய்க்காலும் குளமும் நீர்ப்பாசனத்தாருடையவை. வேகமாய் ஓடுபவனைப் பிடிப்பது பொலிசாரின் கடமை. வீதியில் அலையும் மாட்டைப் பிடித்து அடைக்கவும் உரியவரிடம் தண்டம் அறவிடவும் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டு.

பாருங்கள்! ஒரே இடத்தில், ஒரே இரவில், ஒரு பிள்ளை விழுந்த அந்தப் பத்து முழ நிலத்திலே நான்கைந்து அதிகாரிகளின் எல்லைகள் வந்து சந்திக்கின்றன. வீதி ஒருவருடையது, தூண் ஒருவருடையது, விளக்கு ஒருவருடையது, மாடு ஒருவருடையது. விழுந்த பிள்ளை மட்டும் நம் எல்லோருடைய பிள்ளை.

நம்முடைய சபை எது? கரைச்சிப் பிரதேச சபை. கிளிநொச்சி மாவட்டம் 1984ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என மூன்று பிரதேச சபைகள் உள. நகர சபை ஒன்றேனும் இல்லை. கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த நம் முரசுமோட்டைக்கும், கடைகளும் வங்கிகளும் மருத்துவமனையும் நிறைந்த கிளிநொச்சி நகரத்துக்கும் உள்ளூராட்சி மன்றம் ஒன்றேதான்.

இது சிறிய செய்தியன்று. கிளிநொச்சி இப்பொழுது ஒரு கல்வி நகரமாகி வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அறிவியல் நகரிலே அமைந்திருக்கின்றன. ஜேர்மன் நாட்டின் உதவியோடு எழுந்த தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேயே உண்டு. தென்னிலங்கையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அந்தி சாய்ந்தபின் நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் ஏ-9 வீதியோரம் போகிறார்கள். நம் ஊர் முருகானந்தாக் கல்லூரிப் பிள்ளைகளும் காலை மாலை ஏ-35 வீதியைக் கடக்கிறார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனை நாடி இவ்வீதியால் அடியார்கள் நடந்து போகிறார்கள். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரானிடம் பானையும் பிள்ளையுமாய்க் குடும்பங்கள் போகின்றன. ஒரு பெரிய நகரத்துக்குரிய போக்குவரத்தை ஒரு கிராமத்துச் சபை தாங்கி நிற்கிறதென்பதை நாம் உணர்தல் வேண்டும்.

சபை என்பதும் நமக்குப் புதிதன்று. பிரித்தானியர் காலத்திலே, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கிராமச் சபைகளுக்கு மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. கிராமச் சபைகளையும் பட்டின சபைகளையும் 1981இல் ஒழித்தார்கள். பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோன்றின. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றைக் கவனித்து, மக்களின் வசதியையும் நலனையும் காப்பது சபையின் கடமையென அச்சட்டம் விதிக்கிறது. பொது வழிகள்! அந்தச் சொல்லை வாசித்தபொழுது எனக்கு மணியோசை கேட்டதுபோல் இருந்தது.

ஆனால், பெரியோர்களே, இந்த மணி சிறிதுகாலம் நாக்கில்லாத மணியாய் இருந்தது. நம் பகுதியில் போருக்குப் பின் 2011 ஜூலையிலே சபைத் தேர்தல் நடந்தது. அடுத்தது 2018 பெப்ரவரி 10ஆம் திகதி. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. அதனால் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதியே தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி, அதிகாரிகளைக் கொண்டே நடந்தன. அந்நாட்களில் "எங்கள் வட்டாரத்து உறுப்பினர் எங்கே?" என்று கேட்க ஒருவரும் இல்லை.

கேட்க ஒருவரும் இல்லை என்றேன். அதனினும் வருந்தத்தக்கது, அப்படியொருவர் இல்லையென்பதை நம்மிற் பலர் கவனிக்கவுமில்லை. என்னையே சொல்கிறேன். 2025 மே 6ஆம் திகதி எனக்கு வாக்கு இருந்தது. பல்கலைக்கழகத்திலே பாடவேலை இருக்கிறது, பஸ்ஸிலே வந்து போக ஒருநாள் வீணாகும் என்று நான் ஊருக்கு வரவில்லை. நாட்டின் அரசியலைப் பற்றி விடுதியிலே நள்ளிரவு வரை வாதம் புரிந்தவன்தான். என் ஒழுங்கையின் விளக்கைப் பற்றித் தீர்மானிக்கும் சபைக்கு வாக்களிக்க ஒருநாளை ஒதுக்கவில்லை. அதனை இச்சபையில் ஒப்புக்கொள்வது முறை என்று கருதுகிறேன்.

இனி நான் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. பெரியோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு சபையினுடையது என்றேன். மாடு யாருடையது? மாடு நம்முடையது. அந்த எருமைக்கு உரியவர் அன்றிரவும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவர் யாரென்று நான் கேட்கப்போவதில்லை. ஏனெனில் அன்றிரவு எங்கள் வீட்டு மாடுகளும் அதே வீதியிலேதான் படுத்திருந்தன. என் தகப்பனார் இங்கே அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதனைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை நூறு யார் பிந்தி விழுந்திருந்தால், அது எங்கள் மாடாய் இருந்திருக்கும்.

மாடு வளர்ப்போர் கொடியவர் அல்லர். காலபோகம் விதைத்தவுடன் வயலெல்லாம் பயிராகிவிடுகிறது. மாட்டை வயலுக்குள் விட்டால் அயலவரோடு வழக்கு. காட்டோரம் விட்டால் களவு. மேய்ச்சல் தரை வேண்டுமென்று கிளிநொச்சிப் பகுதிக் கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாய்க் கேட்டு வருகிறார்கள். மழைக்காலத்திலே நிலமெல்லாம் சேறு. தார்வீதி ஒன்றே காய்ந்திருப்பது, இளஞ்சூடாய் இருப்பது. அங்கே நுளம்பும் குறைவு. மாடு தன் அறிவுக்கு எட்டியபடி நல்ல இடத்தைத் தெரிந்து படுக்கிறது. அறிவு கூடிய நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

மனுநீதிச் சோழன் காலத்தில் இளைஞன் ஏறிய தேர் கன்றைக் கொன்றது. நம் காலத்தில் நாம் கட்டாது விட்ட மாடு இளைஞனை வீழ்த்துகிறது. கதை தலைகீழாயிற்று. ஆனால் நீதி மாறவில்லை. அந்த அரசன் அமைச்சரைக் குற்றஞ்சாட்டவில்லை, வீதியைக் குற்றஞ்சாட்டவில்லை, துள்ளி வந்த கன்றையும் குற்றஞ்சாட்டவில்லை. தன் வீட்டுக்குள்ளே பார்த்தான்.

நாடெங்கும் பார்த்தாலும் நிலைமை அச்சந் தருவதே. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் இறக்கிறார்கள். உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12 இலட்சம் பேர் இவ்வாறு மடிவதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணம் நோயன்று, வீதியே என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. இச்சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரின் வயது அது.

சுவீடன் என்னும் சிறிய நாடு 1997ஆம் ஆண்டிலே தன் பாராளுமன்றத்தில் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. மனிதன் தவறு செய்வான். ஆனால் அவன் செய்யும் சிறு தவறுக்கு உயிரை விலையாகக் கொடுக்கும்படி வீதி அமைந்திருத்தலாகாது என்பதே அக்கொள்கையின் சாரம். "பொடியன் வேகமாய் வந்தான்" என்று நாம் ஒரு வார்த்தையிலே முடித்துவிடுகிறோம். வேகமாய் வந்திருக்கலாம். விளக்கு எரிந்திருந்தால் அந்த வேகத்திலும் எருமையைக் கண்டிருப்பான் அல்லவா? எருமை தொழுவத்தில் நின்றிருந்தால் இருளிலும் வீடு சேர்ந்திருப்பான் அல்லவா?

விளக்கும் மாடும் போலவே நம் உயிரைக் காப்பது இன்னொன்று உண்டு. அது செய்தி. 2018ஆம் ஆண்டு டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாதம் 7ஆம் திகதி, புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் குளம் நிரம்பி வழிய, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கரைச்சியும் கண்டாவளையும் வெள்ளக்காடாயின. கதவுகளைத் திறந்த நேரத்தைப் பற்றிப் பின்னர் பல வாதங்கள் எழுந்தன. அதனை ஆராய்வது என் நோக்கமன்று. ஆனால் அன்றிரவு தண்ணீர் வந்த பின்புதான் தண்ணீர் வருகிறதென்று அறிந்த வீடுகள் நம் பகுதியில் உண்டு. 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் நாட்டைத் தாக்கி அறுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபொழுதும், முன்கூட்டிச் செய்தி போய்ச் சேர்ந்த இடத்துக்கும் சேராத இடத்துக்கும் உள்ள வேற்றுமையை உலகம் கண்டது.

நம் ஊர்ப் பெயரின் வரலாறு எதுவாயினும், அதன் முன்னே நிற்கும் சொல் முரசு. முரசு எதற்கு? அரசன் ஆணையையும், பகை வரும் செய்தியையும், திருவிழா நாளையும் ஊரறியச் செய்வதற்கு. முரசைப் பெயரிலே தாங்கிய ஊரில், சபை சென்ற மாதம் என்ன தீர்மானித்தது என்பதைச் சொல்ல ஒரு பலகை இல்லை. இது நமக்கு அழகா?

குறை கூறி அமர்வது இளைஞர்க்கு அழகன்று. ஆகவே மன்றத்தின் முன் மூன்று சிறு பணிகளை வைக்கிறேன். மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, செய்திப் பலகை. சனசமூக நிலையத்தின் வாசலிலே ஒரு கரும்பலகை வைப்போம். மாதந்தோறும் சபை கூடும்பொழுது, முறைப்படி அனுமதி பெற்று, நம் மன்றத்தவர் இருவர் பார்வையாளராய்ச் சென்று வரட்டும். அவர்களில் ஒருவர் தங்கையாய் இருக்கட்டும். உள்ளூராட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டுமென்று சட்டமே சொல்லும் காலம் இது. நம் வட்டாரத்துக்கு என்ன கேட்கப்பட்டது, என்ன கிடைத்தது, ஆண்டு முடிவில் நிறைவேறும் பாதீட்டிலே தெருவிளக்குக்கு எவ்வளவு என்பதைக் கட்சி வேற்றுமை பாராது எழுதுவோம். மழைக்காலத்தில் குளத்தின் நீர்மட்டத்தையும் அதே பலகையில் எழுதுவோம். ஒவ்வோர் ஒழுங்கையிலும் நடக்கமாட்டாத முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் எத்தனை பேர் என்ற பட்டியலைக் கிராம அலுவலரோடு சேர்ந்து ஆயத்தமாய் வைப்போம். நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசாருக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற மூன்று இலக்கங்களையும் பலகையின் தலைப்பில் அழியாத மையினால் எழுதிவிடுவோம்.

இரண்டாவது, விளக்குக் கணக்கு. மின்தூண்களின் இலக்கங்களைக் குறித்து, எரிபவை எவை, அணைந்தவை எவை என்று மாதம் ஒருமுறை இரவிலே நடந்து கணக்கெடுப்போம். தேதியிட்டு, தூண் இலக்கமிட்டு, உரிய அலுவலகத்துக்கு எழுதி, பிரதியில் முத்திரை பெற்று வைப்போம். பதில் வராவிடின் கோபிக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தல் வேண்டும். காரணம் சொல்லவேண்டிய தேவையும் நமக்கில்லை. சண்டை பிடிப்பதிலும் இது பண்பானது, கெஞ்சுவதிலும் மேலானது.

மூன்றாவது, மாட்டுக் கழுத்துப் பட்டி. இருளிலே வாகன வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டிகளை வாங்கி, ஊரிலுள்ள மாடுகளின் கழுத்திற் கட்டுவோம். மழைக்காலத்தில் மாலை ஆறு மணிக்குப் பின் வீதியில் நிற்கும் மாடுகளை உரியவர் பட்டிக்குச் சாய்த்துச் செல்ல, இளைஞர்கள் முறைவைத்து உதவுவோம். அதோடு, மேய்ச்சல் தரை வேண்டும் என்ற கோரிக்கையை மாட்டுக்காரரோடு சேர்ந்து நாமே எழுதிக் கச்சேரியிலும் சபையிலும் கொடுப்போம். மாட்டைக் கட்டு என்று மட்டும் சொல்லி, மாடு எங்கே மேயும் என்று கேளாதிருப்பது நீதியாகாது.

இதிலே முதலாவது பட்டியை எங்கள் வீட்டு மாட்டுக்குக் கட்டுவதென்று நேற்றிரவு என் தகப்பனாரும் நானும் முடிவு செய்தோம். "ஊருக்குச் சொல்லப் போறாய் எண்டால் முதலில் எங்கடை மாட்டைக் கட்டிப்போட்டுப் போ" என்றார் அவர். இப்பேச்சிலே ஏதேனும் நல்ல சொல் இருக்குமாயின் அது அவர் சொன்ன இச்சொல்லே.

மிஷன் பாடசாலையிற் படித்தவன் ஊர்ப்பணி பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். நல்லைநகர் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்தவர்தாம். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் பிரசங்கம் தொடங்கியவர், 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபொழுது பிரசங்கத்தோடு நின்றாரில்லை. கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். கோயிலுக்குள்ளே சமயத்தையும் கோயிலுக்கு வெளியே ஊர்த் துயரையும் அவர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பர் சுவாமிகள் கையில் ஏந்திய உழவாரமும் வழியிலே முளைத்த புல்லைச் செதுக்கும் கருவிதானே? அடியார் காலில் முள் தைக்காதிருக்க வழியைச் செப்பனிடுவது தொண்டென்றால், பிள்ளைகள் விழாதிருக்க விளக்கேற்றுவதும் தொண்டேயாகும்.

அன்பர்களே, அந்தத் தம்பி இன்று இவ்விழாவுக்கு வந்திருக்கிறார். பின்னாலே, தூணோரம் நிற்கிறார். நான் அவரிடம், "உம்மைப் பற்றிப் பேசட்டோ?" என்று கேட்டேன். "என்னைப் பற்றிப் பேசி என்ன அண்ணை? அந்த லைற்றைப் பற்றிப் பேசுங்கோ" என்றார். அவ்விளக்கு இன்றும் எரியவில்லை. நீங்கள் இன்றிரவு வீடு திரும்பும்பொழுது அதன் கீழேதான் கடந்து போவீர்கள். ஒருகணம் அண்ணாந்து பாருங்கள். அந்தத் தூணின் இலக்கத்தைக் குறித்து வந்திருக்கிறேன். கடிதமும் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை தேதியும் உண்டு, பிரதியும் உண்டு. விழா முடிந்தபின் அந்தக் கடிதம் வாசல் மேசையில் இருக்கும். பெரியோர்கள் முதலிலும் இளைஞர்கள் பின்னரும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

பசு ஒன்று தனித்து நின்று அடித்த மணியை ஓர் அரசன் கேட்டான். ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து அடித்தால் சபைக்குக் கேளாதிருக்குமா?